எந்த கார்டு வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்

போர்டு கேம் ஆடும் நியூரல் நெட்வொர்க்கை வீட்டிலேயே பயிற்றுவிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஏழு பத்திகளில் காசு போட்டு நான்கை ஒரே வரிசையில் சேர்க்கும் கனெக்ட் ஃபோர் ஆட்டத்துக்கு ஒரு சின்ன நெட்வொர்க்கை பைத்தானில் எழுதி, இரவெல்லாம் ஓடவிட்டேன். காலையில் எழுந்து டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். கார்டின் பயன்பாடு 6 சதவீதம். அதன் விசிறி கூடச் சுற்றவில்லை. பக்கத்துச் சாளரத்தில் சிபியுவின் (கணினியின் மையச் செயலியின்) 12 இழைகளில், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகளில், ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் நின்றது, மீதி 11 சும்மா கிடந்தன.

கார்டில் பழுது இல்லை. எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று நான் போட்ட கணக்குதான் தவறு. அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பணம் செலவழிப்பதற்கு முன்பே காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

பயிற்சி என்றதும் நம் மனதில் வருவது, தயாராக இருக்கும் தரவை நெட்வொர்க்குக்கு ஊட்டுவது. படங்களை அடையாளம் காணும் நெட்வொர்க் என்றால் படங்கள் ஏற்கெனவே வட்டில் இருக்கும். ஆனால் டீப்மைண்ட் நிறுவனத்தின் கோ ஆட்ட நிரலான ஆல்பாகோ ஸீரோவின் வழியில் போகிறவர்களுக்குத் தரவு என்று எதுவும் கையில் இல்லை. நெட்வொர்க் தனக்குத்தானே ஆடி, அந்த ஆட்டங்களையே தரவாக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் மாண்டி கார்லோ மரத் தேடல் நடக்கிறது: இந்த நிலையிலிருந்து எங்கெல்லாம் போகலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு நல்லது என்று ஒரு மரம் கிளை விடுகிறது, அதன் ஒவ்வொரு நுனியிலும் நெட்வொர்க்கை ஒருமுறை கேட்க வேண்டும். நெட்வொர்க் இரண்டு பதில் தரும். அடுத்து எந்த நகர்வுகள் பார்க்கத்தக்கவை என்பது ஒன்று, இந்த நிலையில் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்பது இன்னொன்று. தேடல் முடிந்ததும் ஒரே ஒரு நகர்வு. அப்புறம் அடுத்த நகர்வுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இதன் செலவை எண்களில் பார்ப்போம். 2017 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த ஆல்பாகோ ஸீரோ கட்டுரை, தன் 20 பிளாக் (அடுக்குத் தொகுதி) நெட்வொர்க்குக்கான விவரங்களைத் தெளிவாகத் தருகிறது. 49 லட்சம் ஆட்டங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் 1,600 தேடல்கள். நெட்வொர்க்கின் எடைகள் (அது கற்றதைத் தாங்கும் எண்கள்) திருத்தப்பட்டது 7 லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 2,048 நிலைகள். கோ ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 நகர்வு என்று வைத்துக்கொள்வோம். 49 லட்சத்தை 200-ஆலும் 1,600-ஆலும் பெருக்கினால் சுமார் 1.57 லட்சம் கோடி. ஆட்டங்களை உருவாக்க மட்டும் நெட்வொர்க்கை அத்தனை முறை கேட்க வேண்டும். மரத்தில் பழைய கணக்கு கொஞ்சம் மீண்டும் பயன்படும் என்றாலும் அளவு மாறிவிடாது. மறுபக்கம், பயிற்சிக்குப் போன நிலைகள் 7 லட்சம் பெருக்கல் 2,048, அதாவது சுமார் 143 கோடி. பயிற்சியில் முன்னோக்கியும் பின்னோக்கியும் கணக்கிட வேண்டியிருப்பதால் ஒரு நிலைக்கு மூன்று மடங்கு செலவு என்று தாராளமாகவே வைப்போம்: 430 கோடி. ஆக, ஆட்டங்களை உருவாக்கும் செலவு பயிற்சிச் செலவைப் போல 350 மடங்குக்கும் மேல்.

டீப்மைண்ட் இயந்திரங்களைப் பங்கிட்ட விதமும் இதையே காட்டுகிறது. 2017 டிசம்பரில் வெளியான ஆல்பாஸீரோ (செஸ், ஷோகி என்ற ஜப்பானியச் செஸ், கோ மூன்றையும் ஆடிய அடுத்த நிரல்) முன்வெளியீட்டில், ஆட்டங்களை உருவாக்க முதல் தலைமுறை டிபியுக்கள் (நெட்வொர்க் கணக்குக்கென்றே கூகுள் செய்த சில்லுகள்) 5,000. நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்க இரண்டாம் தலைமுறை டிபியுக்கள் 64. வீட்டில் ஒரு கார்டோடு உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த விகிதத்தின் போக்கு பொருந்தும். அதனால் பயிற்றுவிக்க எந்த கார்டு நல்லது என்ற கேள்வியே கொஞ்சம் இடம் மாறிக் கேட்கப்படுகிறது. ஒரு நொடியில் எத்தனை நிலைகளை என் இயந்திரம் மதிப்பிடும் என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்து நெட்வொர்க்கின் அளவு. இப்போது கார்டு பற்றி யாரிடம் கேட்டாலும் நினைவகத்தைத்தான் முதலில் சொல்வார்கள், 24 ஜிபி இல்லாமல் ஆகாது என்பார்கள். அது மொழி மாதிரிகளுக்கான அறிவுரை. அங்கே எடைகளே பல ஜிபி வரும், நினைவகத்தில் அடங்காவிட்டால் வேலையே தொடங்காது. போர்டு கேமில் நிலைமை வேறு. ஆல்பாகோ ஸீரோவின் 20 பிளாக் நெட்வொர்க்கையே எடுங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கிலும் 256 சேனல்கள், 3-க்கு-3 வடிகட்டி. 256 பெருக்கல் 256 பெருக்கல் 9 போட்டால் ஓர் அடுக்குக்கு 5,89,824 எடைகள். நாற்பது அடுக்குக்கு 2.36 கோடி. அரைத் துல்லியத்தில் ஓர் எடைக்கு 2 பைட் என்றால் மொத்தம் 47 எம்பி. உலக சாம்பியன்களைத் தாண்டிய மூளை, கைபேசியில் எடுக்கும் ஒரு சின்ன வீடியோவின் அளவுதான். பயிற்சியின்போது இடைநிலைக் கணக்குகளுக்கு இடம் வேண்டும், பேட்ச் (ஒரே தடவையில் கொடுக்கும் நிலைகளின் தொகுதி) பெரிதானால் அது கூடும். இருந்தாலும் ஒருவர் வீட்டில் செய்யக்கூடிய எந்த ஆட்டத்துக்கும் 8 அல்லது 12 ஜிபி போதும். நினைவகத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

எடைகள் குறைவு, ஆனால் கணக்கு குறைவல்ல. அந்த 2.36 கோடி எடைகளும் பலகையின் ஒவ்வொரு புள்ளியிலும் வேலை செய்ய வேண்டும். கோ பலகையில் 361 புள்ளிகள். ஆக ஒரு மதிப்பீட்டுக்கு சுமார் 850 கோடி பெருக்கல்கள். அதே நெட்வொர்க்கைச் செஸ்ஸுக்கு வைத்தால் 64 கட்டங்கள், 151 கோடி பெருக்கல்கள். கனெக்ட் ஃபோருக்கு அவ்வளவு பெரிய நெட்வொர்க் தேவையே இல்லை. 5 பிளாக், 64 சேனல் என்றால் எடைகள் 3.7 லட்சம், கட்டங்கள் 42, ஒரு மதிப்பீட்டுக்கு 1.55 கோடி பெருக்கல். கோவோடு ஒப்பிட்டால் 550-இல் ஒரு பங்கு.

என் 6 சதவீதத்துக்குக் காரணம் இங்கேதான் இருந்தது. கோ நெட்வொர்க்காக இருந்திருந்தால் ஜிபியுவுக்கு (கிராபிக்ஸ் கார்டின் செயலிக்கு) ஒவ்வொரு கேள்வியிலும் கடினமான வேலை இருந்திருக்கும், மரத்தைப் பராமரிக்கும் சிபியு வேலை அதன் முன் தூசு. கனெக்ட் ஃபோரில் ஜிபியு கண் இமைப்பதற்குள் முடித்துவிடுகிறது. மரத்தில் இறங்குவது, அடுத்த நுனியைத் தேர்வது, நகர்வைப் பலகையில் போட்டுப் பார்ப்பது, வென்றாயிற்றா என்று சோதிப்பது எல்லாம் சிபியுவின் தலையில். அதையும் நான் பைத்தானில் எழுதியிருந்தேன். ஒரே கார்டு, ஒரே மாதிரியான நிரல், ஆட்டம் மாறியதும் வேலை தேங்கும் இடம் மாறிவிடுகிறது. சின்ன ஆட்டம், சின்ன நெட்வொர்க் என்றால் சிபியு இழைகளுக்கும் நிரலின் வேகத்துக்கும் செலவு செய்யுங்கள். பெரிய பலகை, பெரிய நெட்வொர்க் என்றால் ஜிபியுவுக்கு. வாங்கும் முன் செய்ய வேண்டிய முடிவு இது ஒன்றுதான் என்றே சொல்வேன்; மற்றவை எல்லாம் இதிலிருந்து வரும்.

ஜிபியுவை நிரப்புவது தனிக் கலை. டவுன் பஸ்ஸை ஒரே ஒரு பயணிக்காக டெப்போவிலிருந்து எடுத்தால் டீசல் செலவு மாறாது, போய்ச் சேர்கிறவர் ஒருவர்தான். ஜிபியுவிடம் ஒரு நிலையை மட்டும் கொடுத்து மதிப்பிடச் சொல்வதும் அப்படித்தான். கட்டளை அனுப்புவது, தரவை நகர்த்துவது என்று நிலையான ஒரு செலவு ஒவ்வொரு முறையும் உண்டு. ஒரு நிலைக்கு ஆகும் நேரமும் 64 நிலைகளுக்கு ஆகும் நேரமும் சின்ன நெட்வொர்க்கில் பல சமயம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் மரத் தேடலின் இயல்போ ஒன்றன்பின் ஒன்றாகப் போவது. முதல் நுனியின் பதில் வந்தால்தான் அடுத்து எங்கே இறங்குவது என்று தெரியும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே மரத்துக்குள் பல இழைகளை இறக்கிவிட்டு, ஓர் இழை போன கிளைக்குத் தற்காலிகமாக ஒரு தோல்வியை எழுதிவைத்து, மற்ற இழைகளை வேறு கிளைகளுக்குத் திருப்புவது முதல் வழி. போட்டியில் ஒரே ஆட்டத்தை வேகமாக ஆட வேண்டியிருக்கும்போது இதுதான் உதவும். ஆனால் தேடலின் தரம் கொஞ்சம் கெடும். தரவு உருவாக்கும்போது நமக்கு அந்த அவசரம் இல்லை. ஓர் ஆட்டம் எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்பது முக்கியமில்லை, ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை ஆட்டம் முடிகிறது என்பதுதான் முக்கியம். எனவே 256 ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நுனியை வாங்கி, 256 நிலைகளை ஒரே பேட்ச்சாக ஜிபியுவுக்கு அனுப்புங்கள். தேடலின் தரத்தில் எந்த இழப்பும் இல்லை. என் நிரலில் நான் செய்த முதல் திருத்தம் இதுதான். வன்பொருளில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. கார்டின் விசிறி அன்றுதான் முதன்முறையாகச் சத்தம் போட்டது.

அடுத்த திருத்தம் மொழி. நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும் பகுதிக்கு பைத்தானும் பைடார்ச் என்ற பயிற்சி நூலகமும் போதுமானவை. அங்கே கனமான வேலை ஜிபியுவுக்குள் நடக்கிறது, பைத்தான் வெறும் மேஸ்திரி. மரத் தேடலும் ஆட்ட விதிகளும் அப்படியல்ல; லட்சக்கணக்கான சிறு முடிவுகள், ஒவ்வொன்றும் பைத்தானின் மெதுவான பாதையில் நடந்து போக வேண்டும். போதாக்குறைக்கு, சாதாரண பைத்தானில் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் ஓடும். என் 11 இழைகள் சும்மா கிடந்தது அதனால்தான். இந்தப் பகுதியை சி++ அல்லது ரஸ்ட்டில் எழுதுவது கட்டாயம் என்றே சொல்வேன். லீலா செஸ் ஸீரோ என்ற செஸ் எஞ்சினும் கட்டாகோ என்ற கோ எஞ்சினும் இந்தப் பிரிவினையைத்தான் செய்கின்றன: ஆடும் எஞ்சின் சி++, பயிற்றுவிக்கும் பகுதி பைத்தான். கட்டாகோ தொடக்கத்தில் பயிற்சிக்கு டென்சர்ஃபுளோ நூலகத்தைப் பயன்படுத்திவிட்டு பின்னர் பைடார்ச்சுக்கு மாறியது. ஆடும் பகுதி அதனால் பாதிக்கப்படவில்லை. இரண்டையும் பிரித்து வைப்பதன் பலன் அது.

இன்னொரு பாதையும் இருக்கிறது. ஆட்ட விதிகளையே ஜிபியுவுக்குள் கொண்டுபோய்விடுவது. கூகுளின் ஜாக்ஸ் நூலகத்தில் டீப்மைண்ட் வெளியிட்ட எம்சிடிஎக்ஸ் மரத் தேடலைத் தருகிறது, பிஜிஎக்ஸ் என்ற நூலகம் செஸ், கோ, ஷோகி, கனெக்ட் ஃபோர் போன்ற ஆட்டங்களின் விதிகளைத் தருகிறது. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் சிபியுவுக்கு வராமலேயே கார்டுக்குள் ஓடும். ஆராய்ச்சிக்கும், பைத்தானை விட்டு வெளியே போக விரும்பாதவர்களுக்கும் இது அருமையான வழி. உங்கள் ஆட்டம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் விதிகளை நீங்களே ஜாக்ஸில் எழுத வேண்டும். ‘இப்படியானால் அப்படி’ என்ற நிபந்தனைகளை அணிக் கணக்காக மாற்றி எழுதுவது பழகாத கைக்குச் சிரமம். நான் சி++ பக்கம் போனது அதனால்தான்.

மதிப்பீட்டு வேகத்தைக் கூட்ட இன்னும் ஒரு படி உண்டு. பைடார்ச்சில் பயிற்றுவித்த நெட்வொர்க்கை ஓஎன்என்எக்ஸ் என்ற பொது வடிவத்துக்கு மாற்றி, என்விடியாவின் வேகமூட்டும் மென்பொருளான டென்சர்ஆர்டி மூலம் அரைத் துல்லியத்தில் ஓட்டுவது. அரைத் துல்லியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு என்விடியா வி100 நல்ல சான்று. 2017-ல் வந்த அந்த கார்டு முழுத் துல்லியத்தில் நொடிக்கு சுமார் 15 டெரா (15 லட்சம் கோடி) கணக்குகள் செய்யும். அணிப் பெருக்கலுக்கென்றே உள்ள டென்சர் கோர் வழியாக அரைத் துல்லியத்தில் 120 டெரா வரை. போர்டு கேமுக்கு அரைத் துல்லியம் தாராளமாகப் போதும். எனவே பழைய கார்டு வாங்கும்போது பார்க்க வேண்டியது டென்சர் கோர் இருக்கிறதா என்பது. ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யில் அது இல்லை. ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து உண்டு. செகண்ட் ஹேண்ட் கடையில் 1080 டிஐ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதே விலைக்கு 2060 ஒன்றைத் தேடுங்கள்.

ஏஎம்டி கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதை விற்க வேண்டியதில்லை. கட்டாகோ, கார்டில் கணக்குப் போட உதவும் மென்பொருள்களான கியூடா, டென்சர்ஆர்டி, ஓபன்சிஎல் மூன்றிலும் ஓடும், வெறும் சிபியுவில் ஓட ஐகன் வடிவமும் உண்டு. ஓபன்சிஎல் ஏஎம்டியிலும் இன்டெலிலும் வேலை செய்யும். பைடார்ச்சும் லினக்ஸில் ஏஎம்டியின் ராக்எம் மென்பொருள் மேல் ஓடுகிறது. ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு, சொந்தமாக எழுதப்போகிறவருக்கு, என் யோசனை என்விடியா-லினக்ஸ் கூட்டுதான். எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் அதை ஏற்கெனவே ஒருவர் சந்தித்துத் தீர்வும் எழுதிவைத்திருப்பார். ராத்திரி 11 மணிக்கு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும்போது அதன் மதிப்பு தெரியும்.

வன்பொருளை விட வழிமுறைதான் பெரிது என்பதற்கு கட்டாகோவை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஃபேஸ்புக் ஆய்வுக் குழு ஆல்பாஸீரோ வழியைத் திரும்பச் செய்து எல்ஃப் ஓபன்கோவை உருவாக்க 2,000 ஜிபியுக்களைப் பயன்படுத்தியது. 2019-ல் டேவிட் வூ வெளியிட்ட கட்டாகோ கட்டுரை, 30-க்கும் குறைவான ஜிபியுக்களில் 19 நாளில் எல்ஃபின் கடைசி நெட்வொர்க்கைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறது. கணக்குச் செலவு ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கு.

எப்படி? அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், இரண்டும் எந்த ஆட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கவை. ஒன்று, எல்லா நகர்வுக்கும் ஒரே அளவு தேடல் செய்யாதது. நான்கில் ஒரு நகர்வுக்கு மட்டும் முழுத் தேடல், மற்றவற்றுக்குச் சுருக்கமான தேடல். எந்த நகர்வு நல்லது என்று கற்பிக்க ஆழமான தேடல் வேண்டும். யார் வென்றார் என்று கற்பிக்கவோ நிறைய முடிந்த ஆட்டங்கள் வேண்டும். சுருக்கமாக ஆடினால் ஆட்டங்கள் சீக்கிரம் முடியும், முழுத் தேடல் செய்த நகர்வுகளை மட்டும் நகர்வுப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, நெட்வொர்க்கிடம் கூடுதல் கேள்விகள் கேட்பது. 200 நகர்வு ஆடிய கோ ஆட்டத்திலிருந்து கிடைக்கும் வெற்றி-தோல்விச் செய்தி ஒரே ஒரு பிட். அதோடு, ஆட்ட முடிவில் 361 புள்ளிகளில் ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தமாகும் என்றும் ஊகிக்கச் சொன்னால், தோற்றது எந்த மூலையால் என்பது வரை நெட்வொர்க்குக்குப் பாடம் கிடைக்கிறது. ஒத்தெல்லோ ஆட்டத்துக்கு நிரல் எழுதுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கார்டை மாற்றி இரண்டு மடங்கு வேகம் வாங்குவதற்கு முன் இப்படிப்பட்டவற்றைச் செய்துவிடுங்கள் என்று யாரிடமும் மன்றாடிச் சொல்வேன்.

இதுவரை சொன்னது ஒரு குடும்பம். இன்னொரு குடும்பத்தில் ஜிபியு ஆட்டத்தின்போது தேவையே இல்லை. 2018-ல் ஜப்பானில் யூ நாசு, ஷோகி எஞ்சின்களுக்காக என்என்யூஇ என்ற நெட்வொர்க்கை வடிவமைத்தார். பின்னர் ஹிசாயோரி நோதா அதை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினுக்குள் கொண்டுவந்தார், 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 அதோடு வெளியானது. அதன் முதல் அடுக்கு மிக அகலமானது: ராஜா எங்கே, மற்ற ஒரு காய் எங்கே என்ற ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் உள்ளீடு, பக்கத்துக்கு 41,024 உள்ளீடுகள். அவை 256 எண்களுக்குள் இறங்குகின்றன. பெருக்கினால் 1.05 கோடி எடைகள். ஆனால் ஒரு குதிரை நகர்ந்தால் மாறுவது அந்த உள்ளீடுகளில் இரண்டே இரண்டு: பழைய கட்டம் அணைகிறது, புதிய கட்டம் எரிகிறது. ஆகவே முழுவதையும் மறுபடி கணக்கிடாமல் ஒரு வரிசையைக் கழித்து ஒரு வரிசையைக் கூட்டினால் போதும். மீதி அடுக்குகள் 32 எண்கள் அளவுக்குச் சிறியவை, எல்லாம் முழு எண்களில். பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும், சிபியுவின் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

என்என்யூஇ பயிற்சிக்கு வேண்டிய கருவிப் பட்டியல் தலைகீழாக இருக்கும். நிலைகளும் அவற்றின் மதிப்பெண்களும் முன்கூட்டியே தயார். லீலா உருவாக்கிய ஆட்டங்களே ஸ்டாக்ஃபிஷ் நெட்வொர்க்குகளுக்குப் பாடமாகப் பயன்பட்டிருக்கின்றன. அந்த நிலைகள் கோடிக்கணக்கில் அல்ல, நூறு கோடிக்கணக்கில். ஒரு நடுத்தர கார்டு அவற்றைச் சுலபமாக விழுங்கும், ஊட்டுவதுதான் சிரமம். வட்டிலிருந்து படித்து, சுருக்கத்தை விரித்து, எந்தெந்த உள்ளீடு எரிகிறது என்று கண்டுபிடித்து பேட்ச் கட்டும் வேலையை பைத்தானால் தாங்க முடியாது. ஸ்டாக்ஃபிஷ் குழுவின் பைடார்ச் பயிற்சி நிரல் அந்தப் பகுதியை மட்டும் சி++-இல் வைத்திருப்பது அதனால்தான். இங்கே நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியும் எட்டோ பதினாறோ சிபியு கோர்களும்தான் கேட்க வேண்டியவை. செஸ் எஞ்சின் ஒன்றைச் சொந்தமாக எழுத ஆசைப்படுகிறவருக்கு இந்தக் குடும்பத்தைத்தான் சொல்வேன். ஒரே கணினியில் உருப்படியான இடத்துக்குப் போக முடியும்.

தரவுச் சேமிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது என்னைப் போல ஒரு வட்டை நிரப்பிவிடுவார்கள். ஆல்பாகோ ஸீரோ கடைசி 5 லட்சம் ஆட்டங்களிலிருந்து பாட நிலைகளைப் பொறுக்கியது. சுமார் 10 கோடி நிலைகள். ஒரு நிலை 19 பெருக்கல் 19 பெருக்கல் 17 எண்கள், அதாவது 6,137. ஒவ்வொன்றையும் 4 பைட் தசம எண்ணாக எழுதினால் ஒரு நிலைக்கு 24.5 கேபி, மொத்தம் இரண்டரை டிபி. உண்மையில் அந்த எண்கள் எல்லாமே பூஜ்யம் அல்லது ஒன்று. பிட்டாகச் சுருக்கினால் ஒரு நிலை 768 பைட், மொத்தம் 77 ஜிபி. ஆட்டத்தின் நகர்வுகளை மட்டும் எழுதிவைத்துத் தேவைப்படும்போது பலகையை மறுபடி கட்டினால் இன்னும் குறையும். 32 ஜிபி ரேம் உள்ள வீட்டுக் கணினியில் தேவையானதை வைத்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பது இந்த முடிவில் இருக்கிறது.

வாங்கும்போது எல்லாரும் மறக்கும் செலவு ஒன்று உண்டு: சோதனை. புதிய நெட்வொர்க் பழையதை விட நன்றாக ஆடுகிறதா என்று எப்படித் தெரியும்? இரண்டையும் ஆடவிட வேண்டும். டிரா இல்லாத ஆட்டம் என்று வைத்தால், 100 ஆட்டம் ஆடி வரும் முடிவில், ஆட்டத் திறனை அளக்கும் எலோ மதிப்பு கூடுதலாகவோ குறைவாகவோ 68 புள்ளி தவறலாம். 1,000 ஆட்டம் ஆடினாலும் 21 புள்ளி. நீங்கள் செய்யும் திருத்தங்கள் பெரும்பாலும் 10 புள்ளி, 15 புள்ளி தருபவை. 20 ஆட்டம் ஆடவிட்டு 12-8 என்று ஜெயித்ததைப் பார்த்து மகிழ்ந்து அதையே வைத்துக்கொண்டால், காசைச் சுண்டிப் பார்த்து முடிவெடுத்தது போலத்தான். ஸ்டாக்ஃபிஷ் குழு இதற்காகவே ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. தன்னார்வலர்களின் கணினிகள் ஒரு திருத்தத்துக்கே பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடிப் பார்க்கின்றன. அதை உருவாக்கிய கேரி லின்ஸ்காட்தான் 2018-ல் லீலா செஸ் ஸீரோவையும் தொடங்கினார். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் பழையதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள், புதியது ஆட்டங்களை உருவாக்கட்டும்.

தன்னார்வலர் வழி ஏன் வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெல்ஜியத்தின் ஜான்-கார்லோ பாஸ்குட்டோ 2017-ல் கோ ஆட்டத்துக்கான லீலா ஸீரோவைத் தொடங்கியபோது, ஆல்பாகோ ஸீரோவின் எடைகளைச் சாதாரண வன்பொருளில் மறுபடி கணக்கிட சுமார் 1,700 ஆண்டு ஆகும் என்று தன் திட்டக் குறிப்பிலேயே எழுதியிருந்தார். ஆட்டம் உருவாக்கும் வேலையின் ஒரு நல்ல குணம், அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம் என்பது. ஒருவர் கணினி ஆடும் ஆட்டத்துக்கு இன்னொருவர் கணினி காத்திருக்க வேண்டியதில்லை. லீலா செஸ் ஸீரோவும், 2020 இறுதியிலிருந்து கட்டாகோவும் இப்படித்தான் வளர்ந்தன.

இதே குணம் வாடகைக் கணினிக்கும் உதவும். எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளப்படும் என்ற நிபந்தனையோடு கிளவுடில் மலிவாகக் கிடைக்கும் இயந்திரங்கள், ஆட்டம் உருவாக்க மிகப் பொருத்தம். பாதியில் நின்றால் நஷ்டம் சில ஆட்டங்கள்தான். பயிற்சிப் பகுதியையும் சேமித்த தரவையும் மட்டும் நிலையான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் இலவச கோலாப் சேவையில் 16 ஜிபி டி4 கார்டு கிடைத்தாலும், கூட வரும் சிபியு இழைகள் இரண்டே இரண்டு. ஜாக்ஸ் வழியில் எல்லாவற்றையும் கார்டுக்குள் ஓட்டுகிறவருக்கு அது பொக்கிஷம். சிபியுவில் மரம் வளர்க்கிறவருக்குத் தலைவலி.

வீட்டிலேயே ஓடவிடுவதென்றால் மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். மொத்தக் கணினி 300 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 யூனிட், மாதத்துக்கு 216, இரண்டு மாத இபி பில்லில் 432 யூனிட். கார்டின் மின் வரம்பை மென்பொருளிலேயே முக்கால் பங்குக்குக் குறைத்துவிட்டால் வேகம் அந்த அளவுக்கு விழாது, சூடு நன்றாகக் குறையும். வாரக்கணக்கில் ஓடும் இயந்திரத்துக்கு அது நல்லது. நல்ல எஸ்எம்பிஎஸ் போடுங்கள். கரண்ட் போனால் ஒரு மணி நேர வேலைக்கு மேல் இழக்காத மாதிரி அடிக்கடி சேமியுங்கள். லேப்டாப்பில் இந்த வேலை வேண்டாம்.

கடைசியாக, எந்த ஆட்டத்தில் தொடங்குவது. என் பதில், விடை ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்தில். கனெக்ட் ஃபோர் 1988-லேயே முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டது. ஏழு பத்திகளில் முதல் காசை நடுவில் போட்டால் முதல் ஆட்டக்காரர் வெல்வார், நடுவுக்கு இரு பக்கத்திலும் உள்ள பத்திகளில் போட்டால் சரியாக ஆடினால் டிரா, ஓரத்து நான்கில் எதில் போட்டாலும் தோல்வி. எந்த நிலையைக் கொடுத்தாலும் சரியான விடை சொல்லும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் நெட்வொர்க் கற்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் என் பிழையை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். நெட்வொர்க் தரும் மதிப்பு, அடுத்து ஆட வேண்டியவரின் பார்வையிலிருந்து வருகிறது. மரத்தில் ஒரு படி மேலே ஏறினால் ஆள் மாறுகிறார்; அதனால் ஒவ்வொரு படியிலும் குறியை மாற்ற வேண்டும். சி++-க்கு மாற்றி எழுதியபோது ஓரிடத்தில் அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டேன். பயிற்சி வரைபடம் அழகாக இறங்கியது, கார்டு 90 சதவீதத்துக்கு மேல் உழைத்தது, பேட்ச்கள் நிரம்பிப் போயின. நெட்வொர்க்கோ முதல் காசை ஓரத்துப் பத்தியில் போட்டுக்கொண்டிருந்தது, தோற்கும் கலையைச் சிரத்தையோடு கற்றுக்கொண்டு. இரண்டு இரவு அப்படிப் போனது. அந்த ஒற்றைக் குறியைச் சேர்த்து, எடைகளை அழித்து, முதலிலிருந்து ஓடவிட்டேன். மறுநாள் காலை காபியோடு வந்து பதிவைத் திறந்தபோது, கடைசி நூறு ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் முதல் காசு நடுப் பத்தியில் விழுந்திருந்தது.